வடகடலின் சவுக்கு நிழல்

1985ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி வரை எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இருந்தது. அன்றுதான் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. சிவகாசி, விருதுநகர், சாத்தூர், ராஜபாளையம் எல்லாம் காமராஜர் மாவட்டம் என்ற பெயரில் தனியே வந்தன. இன்றைய விருதுநகர் மாவட்டம் அதுதான். இராமேஸ்வரமும் பாம்பனும் தொண்டியும் அந்தப் பக்கம் போய்விட்டன. நான் பள்ளிக்கூடத்தில் வரைந்த மாவட்டப் படத்தில் வலது ஓரம் முழுக்க நீலம் தீட்ட வேண்டியிருக்கும். என் மகள் வரைந்த படத்தில் அந்த நீலம் இல்லை. மேற்கே மலை, மற்ற மூன்று பக்கமும் தரை.

நான் இருப்பது சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம். அச்சகம் ஒன்றில் மெய்ப்புப் பார்க்கிறேன். எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் ஒருவராவது பட்டாசு ஆபீசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, போகிறவர். ஆண்கள் மருந்துச் செட்டில் இருப்பார்கள். பெண்கள் திரி வைப்பார்கள், சரம் பின்னுவார்கள், வீட்டில் இருக்கிற பாட்டிமார் காகிதக் குழாய் உருட்டுவார்கள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே தொடங்கினார்கள் என்றால், அதற்கு இந்த மண்ணின் வறட்சியும் ஒரு காரணம். விவசாயம் கைகொடுக்காத ஊர். ஆனால் தீக்குச்சி காய, மருந்து காய வேண்டிய வெயில் இங்கே தாராளம். இன்றைக்கும் தூறல் விழுந்தால் மருந்து வேலையை நிறுத்திவிடுவார்கள். ஈரக்காற்று எங்கள் பிழைப்புக்கு ஆகாது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து நான் கடலைப் பற்றி எழுதுகிறேன்.

கடல் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வருவது திருச்செந்தூர். மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, நடந்தே போவார்கள். அடுத்தது இராமேஸ்வரம் அக்னி தீர்த்தம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தர்ப்பணம் கொடுக்கப் போவது. தோஷம் கழிக்க வேண்டுமென்றால் தேவிபட்டினம் நவபாஷாணம். மூன்று முழுக்குப் போடுவோம், ஈரத்துணியை மாற்றுவோம், வரிசையில் நிற்க ஓடுவோம். அஸ்தி கரைக்கக் கடலுக்குப் போன வீடுகள் எத்தனையோ. மர நிழலில் துண்டை விரித்து, கடலைப் பார்த்தபடி ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவதற்காகப் போன வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. வெயிலிலும் மருந்து நெடியிலும் வாரம் ஆறு நாள் குனிந்தே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்தச் சும்மா இருக்கும் பகல் மற்ற யாரையும்விட அதிகமாகத் தேவை என்று நான் நம்புகிறேன். அதனால்தான் சில வருடங்களாக எங்கள் தெருப் பெண்கள் வாரச்சீட்டுப் போட்டு, வேன் பிடித்துப் போய்க்கொண்டிருக்கிறோம்.

அந்த எண்ணத்துக்கு விதை ஒரு காலண்டர் படம். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதற்கு முந்தைய மாதங்களில் எங்கள் மேசைக்கு உலகத்து இயற்கைக் காட்சியெல்லாம் வரும். சுவிட்சர்லாந்து மலை, ஜப்பானியச் செர்ரிப் பூ, நயாகரா. ஒரு வருடம் கிரேக்க நாட்டுக் கடற்கரை ஒன்று வந்தது. பைன் மரங்கள் கூட்டமாகக் கரை வரைக்கும் இறங்கியிருக்கின்றன, அதற்குக் கீழே சின்ன வளைவாக மணல், அலையே இல்லாத தண்ணீர், ஆளில்லை. படத்தின் கீழே போடும் ஊர்ப் பெயரைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. அது ஸ்கியாதோஸ் தீவில் உள்ள குக்குனாரியெஸ் கடற்கரை. அந்தப் பிழைத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினேன். எதிர்வீட்டு மதினி அதைப் பார்த்துவிட்டு, "ஏன் மதினி, இது நம்ம பக்கம் சவுக்குத் தோப்பு மாதிரில்ல இருக்கு?" என்றார். அவருடைய அம்மா பிறந்த ஊர் இராமநாதபுரத்துப் பக்கம். அவர் சொன்ன பிறகுதான் தேடத் தொடங்கினோம்.

கிரேக்கக் கரைகளைப் பற்றி அப்போது நான் படித்தவற்றில் சில நமக்கும் பயன்படும். அங்கே கடலோரத்தில் வளரும் பைன்களில் இரண்டு வகைகளைச் சொல்ல வேண்டும். ஒன்று அலெப்போ பைன். பாறையிலும் உப்புக் காற்றிலும் தாக்குப்பிடித்து நிற்பது, நிறையப் பிசின் கசிவது. அந்தப் பிசினைச் சேர்த்துத்தான் ரெட்சினா என்ற திராட்சை மது செய்கிறார்கள். மற்றது, குடை விரித்த வடிவத்தில் தலை பரப்பி நிற்கும் பைன். அதன் கொட்டையை உண்பார்கள். ஸ்கியாதோஸ் கரையில் இருப்பது இந்தக் குடைப் பைன். மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. அதனால் மரம் தண்ணீருக்கு அவ்வளவு அருகில் நிற்க முடிகிறது. கோடையில் ஏஜியன் கடல் முழுக்க மெல்தெமி என்ற வடக்குக் காற்று அடிக்கும். அந்த நாட்டுக்காரர்கள் காலையில் காற்றைப் பார்த்துவிட்டு, அது படாத பக்கத்துக் கரைக்குப் போவார்களாம். இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதற்கு அப்படியே ஈடான ஓர் அறிவு நம் இராமநாதபுரத்து மீனவர்களிடம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் போவது அரியமான். இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகும் சாலையில் உச்சிப்புளியைத் தாண்டி இடது கைப் பக்கம் திரும்பினால், சில கிலோமீட்டரில் கடல். நாரணாபுரத்திலிருந்து கணக்கிட்டால் 160, 170 கிலோமீட்டர் வரும். நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. விடியலுக்கு முன்பே வேன் கிளம்பிவிட வேண்டும். விருதுநகர், அருப்புக்கோட்டை, ரமண மகரிஷி பிறந்த திருச்சுழி, நரிக்குடி. அதுவரை எங்கள் மாவட்டம். பார்த்திபனூரில் மதுரைச் சாலையைத் தொட்டதும் வெயில் ஏறியிருக்கும். பங்குனி மாதமாக இருந்தால் பரமக்குடியைச் சுற்றி வழியெல்லாம் முண்டு வத்தல் காயும். குண்டு குண்டாக, கரும் சிவப்பில். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது இந்த இராமநாதபுரம் முண்டு மிளகாய். சன்னலைத் திறந்து வைத்திருந்தால் வேனுக்குள் அத்தனை பேரும் தும்முவோம்.

இராமநாதபுரம் தாண்டியதும் மண் மாறிவிடும். எங்கள் கரிசல் எங்கோ பின்னால் நின்றுபோய், வெள்ளை மணலும் பனையும் தென்னையும் தொடங்கும். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருக்கிறது. சில நேரம் தாழப் பறக்கும் விமானத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கத்துவார்கள். பிறகு குறுகலான சாலை, ஓலை வேய்ந்த வீடுகள், காயப்போட்ட வலை, கருவாட்டு மணம். கடல் தெரிவதற்கு முன்னால் சவுக்கு தெரியும். அதற்கும் முன்னால் சவுக்கின் இரைச்சல் கேட்கும். காற்று அதன் ஊடே போகும்போது ஒரு நீண்ட ஓசை வரும். முதல் தடவை வந்தவர்கள் அதுதான் அலையோசை என்று நினைத்துக்கொள்வார்கள். கடல் அங்கே ஓசையே இல்லாமல் கிடக்கும்.

சவுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பார்வைக்குப் பைனைப் போலவே ஊசி ஊசியாக இருந்தாலும் சவுக்கு பைன் இனமே அல்ல. பைன் பூக்காத மரக் குலத்தைச் சேர்ந்தது. சவுக்கு பூக்கிற மரம். நாம் ஊசி இலை என்று நினைப்பது இலையும் அல்ல, மெல்லிய பச்சைக் குச்சி. ஒன்றைக் கிள்ளி எடுத்து இரண்டு நுனியையும் மெல்ல இழுத்தால் கணுவில் கழன்று வரும். திரும்பவும் செருகினால் பொருந்தும். எந்தக் கணுவில் பிரிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகள் விளையாடுவார்கள். அப்படிக் கழன்ற கணுவைச் சுற்றிப் பல் பல்லாகத் தெரிகிற துளிச் செதில்கள்தான் அதன் உண்மையான இலைகள். இலையைச் சுருக்கிக்கொண்டதால் தண்ணீர் ஆவியாவது குறைவு. அதனால்தான் உப்புக் காற்றிலும் சுடுமணலிலும் தாக்குப்பிடிக்கிறது. வேரில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் முடிச்சு முடிச்சாகக் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது. சத்தே இல்லாத மணலில் அத்தனை உயரம் வளர்வதற்கு அதுவே காரணம்.

இதன் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியாவும் ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும். நம் பக்கத்தில் பெரிய அளவில் தோப்பாக நடத் தொடங்கியது வெள்ளைக்காரர் காலத்தில், 1860களில். ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டியிருந்தது. பிறகு பந்தல்கால், கட்டடச் சாரம், காகித ஆலைக்குக் கூழ்மரம் என்று தமிழ்நாட்டுக் கடலோர விவசாயிகளின் கைக்காசாக ஆகிவிட்டது. என் அச்சகத்தில் ஓடும் காகிதத்தில்கூடச் சவுக்கின் பங்கு இருக்கக்கூடும் என்று நினைக்கும்போது அந்த மரத்தடியில் உட்காருவது எனக்குத் தனி நிறைவு.

சவுக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்தவர்கள், சதுப்புநிலக் காடும் சவுக்குத் தோப்பும் மறைத்த ஊர்களில் சேதம் குறைந்திருந்ததாக 2005இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். அதன் பிறகு கடலோரமெங்கும் சவுக்கு நட்டார்கள். ஆனால் இயற்கையான மணல்மேடுகளைச் சமப்படுத்தி, அங்கே ஏற்கெனவே இருந்த அடும்புக் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் தாழையையும் அழித்துவிட்டு நட்ட இடங்களில் ஆமைகள் முட்டையிடும் மணல் கெட்டுப்போனது என்று சூழலியலாளர்கள் கண்டிக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்றே நானும் கருதுகிறேன். சவுக்குச் சருகு மெத்தையாக விழுந்த இடத்தில் வேறு செடி முளைப்பது அபூர்வம். அரியமானுக்குப் போகிறவர்கள் தோப்பைத் தாண்டி மணலில் படர்ந்திருக்கும் அடும்பையும் பாருங்கள். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் வருகிற அதே கொடிதான். ஊதாப் பூவும் ஆட்டுக் குளம்பு வடிவ இலையும். மணலைக் காற்றில் பறக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது அது. அதை மிதித்துப் பிய்க்காமல் சுற்றிப் போகச் சொல்லி எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோம்.

தண்ணீருக்கு வருகிறேன். மண்டபம் முனையும் இராமேஸ்வரம் தீவும் சேர்ந்து இங்கே கடலை இரண்டாகப் பிரித்திருக்கின்றன. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. மீனவர்களுக்குத் தென்கடல், வடகடல். அரியமான் இருப்பது வடகடலில். வடகடல் ஆழம் குறைந்தது. பெரும்பகுதியில் ஆழம் 10 மீட்டரை ஒட்டித்தான். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான் வரும். கீழே மணலின் வரிகள் தெரியும். திருச்செந்தூரில் அலைக்குப் பயந்து பேத்தியின் கையை விடாமல் பிடித்திருந்த ஆச்சி ஒருவர், இங்கே சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தன்பாட்டுக்கு நடந்து போனதைப் பார்த்தேன். கூப்பிட்டும் திரும்பவில்லை.

அலை எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்பதைக் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களுக்குச் சொன்னார். "கச்சான் அடிக்கிற காலத்துல தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் கம்மா மாதிரி கெடக்கும் தாயி. வாடை எறங்கிட்டா இங்க திரும்பிரும், தென்கடல் படுத்துரும். நீங்க கச்சானுக்கு வாங்க." கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை அது தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி வீசுவதால் வடகரையில் அலை எழாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து நேராகக் கரையில் மோதும். அப்போது வடகடல் கலங்கி, பாசியைக் கரையில் வாரி இறைக்கும். கிரேக்கர்கள் மெல்தெமியைப் பார்த்துக் கரை தேர்வதும், இவர்கள் கச்சானையும் வாடையையும் பார்த்துக் கடல் மாற்றிக்கொள்வதும் ஒரே கலை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டாசு ஆபீசுகளுக்குப் பெரிய விடுமுறை தீபாவளி முடிந்த பிறகு. கையில் போனசும் இருக்கும், வேலையும் இருக்காது. எல்லோரும் அப்போதுதான் ஊர் சுற்றக் கிளம்புவார்கள். அது சரியாக வாடைக்காலம், மழைக்காலம், புயல்காலம். 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயலும் டிசம்பர் மாதத்துப் புயல். ஆகவே நாங்கள் பங்குனிப் பொங்கல் விடுமுறையைத் தேர்ந்தெடுத்தோம். சிவகாசி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கும், அடுத்து வரும் பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலுக்கும் ஆபீசுகள் மூடிவிடும். அப்போது வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் இன்னும் ஏறியிருக்காது. கடல் இரண்டு பக்கமும் அமைதி. வழியில் நுங்கு கிடைக்கும், அதிகாலையில் போனால் பதநீர் கிடைக்கும். பொங்கல் முடிந்த கையோடு, சனி ஞாயிறு இல்லாத ஒரு நாளில் போனால் அந்த நீண்ட மணலில் நாங்களும் வலைக்காரர்களும் மட்டுந்தான்.

சரம் பின்னும் பெண்களின் விரல்களைப் பார்த்தால் நகக்கண்ணில் வெள்ளி நிறம் தெரியும். அலுமினியப் பவுடர். எத்தனை தேய்த்தாலும் போகாது. விரல் நுனி வெடித்திருக்கும். உப்புத் தண்ணீரில் கை வைத்ததும் முதலில் எரியும். பிறகு பழகிவிடும், மணலில் அளைந்துகொண்டே இருப்பார்கள். ஆபீசில் அவர்கள் செருப்பில்லாமல் இருக்க வேண்டும், நைலான் துணி கட்டக் கூடாது, செட்டுக்குள் நுழையும் முன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். அவசரமாக நடக்கக் கூடாது, எதையும் இழுக்கக் கூடாது, போடக் கூடாது. உயிரைக் காக்கிற விதிகள்தான். ஆனால் நாளெல்லாம் உடம்பை இறுக்கிப் பிடித்திருக்கிற விதிகள். கடலில் அந்தப் பெண்கள் ஓடுகிறார்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் தண்ணீரை ஒருவர் மேல் ஒருவர் வாரி அடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதைப் பார்த்த பிறகு இந்தச் செலவை வீண் என்று யாராவது சொன்னால் நான் விடுவதில்லை, நின்று வாதாடுவேன்.

அமைதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பகலில் பெரிய சத்தம் கேட்டால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்ப்போம். அந்தத் திசையில் யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று மனத்துக்குள் எண்ணத் தொடங்கிவிடுவோம். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் சிறியதும் பெரியதுமாக எத்தனையோ. எங்கள் காது எப்போதும் காத்துக்கொண்டே இருக்கிறது, தூக்கத்திலும். சவுக்கு நிழலில் படுத்திருந்த பக்கத்து வீட்டுச் சித்தி ஒரு பகல் முழுக்க எழுந்திருக்காமல் தூங்கினார். அவருடைய கணவரைக் கொண்டுபோனது ஒரு வெடிவிபத்து. யாரும் அவரை எழுப்பவில்லை.

காலண்டர் படத்தின் பைன் மரங்களுக்குப் பின்னாலும் இப்படியொரு துயரம் உண்டு. பிசின் நிறைந்த அந்த மரங்கள் கோடை வறட்சியில் தீப்பிடித்தால் அணைக்க முடியாது. 2018 ஜூலை 23ஆம் தேதி ஏதென்ஸ் அருகே மாட்டி என்ற கடலோரக் குடியிருப்பில், பைன் மரங்களுக்கு நடுவே வீடுகள் இருந்த ஊரில், காற்றோடு வந்த தீ நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. தப்பியவர்களில் பலர் கடலுக்குள் இறங்கி, கழுத்தளவு நீரில் மணிக்கணக்காக நின்று பிழைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது நாட்டின் தூரம் எனக்குத் தெரியவில்லை. தீயோடு வாழ்கிறவர்களுக்கு அது எந்த நாட்டுத் தீயானாலும் சுடும்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கரும்பழுப்பு நாடாக்களைக் குப்பை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அது கடற்புல். பாசி அல்ல, வேரும் பூவும் உள்ள உண்மையான புல், கடலடியில் மேய்ச்சல் நிலமாகப் பரந்து கிடப்பது. பாக் விரிகுடாவில் அது செழிப்பாக இருப்பதால்தான் இங்கே கடற்பசு இன்னும் வாழ்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது அது. கிரேக்கக் கரைகளிலும் பொசிடோனியா என்ற கடற்புல் இப்படியே குவிந்து கிடக்கிறது, அங்கேயும் விருந்தினர்கள் முகம் சுளிக்கிறார்கள். மணலை அலை அரித்துக்கொண்டு போகாமல் தடுப்பதில் அந்தக் குவியலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை அப்படியே விட்டுவிட வேண்டும். தண்ணீரில் கடல் அட்டை கண்ணில் பட்டால் தொடாதீர்கள். சட்டம் பாதுகாக்கும் உயிர் அது, எடுப்பது குற்றம்.

இந்த அமைதி நமக்கு மட்டுந்தான், மீனவர்களுக்கு இல்லை என்பதையும் மறக்க முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மற்ற நாட்களிலும் குறுகிய கடல். சற்றே போனால் எல்லைக்கோடு. அந்தப் பக்கம் இலங்கை. படகோடு பிடிபட்டுப் போனவர்களின் வீடுகள் இந்தக் கரை முழுக்க இருக்கின்றன. கரையில் கரைவலை இழுக்கும்போது எங்கள் பெண்கள் போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் கூலிக்கு உழைக்கிறவர்கள், பேச்சு எளிதாக ஓடியது. வலைக்காரர் வீட்டுப் பெண் ஒருவர், "ஒங்க ஊரு வெடியத்தான் எங்க பிள்ளைக தீவாளிக்குப் போடுதுக" என்று சொல்லிச் சிரித்தார். கொடுத்த காசுக்கு மேலேயே நகரை மீன் அள்ளிப் போட்டார்.

அரியமானுக்குக் குஷி கடற்கரை என்றும் பெயர். சிறுவர் பூங்காவும் படகுச் சவாரியும் ஒரு பக்கத்தில் இருக்கின்றன, விடுமுறை நாளில் அங்கே கூட்டம் கூடும். அது இருக்கட்டும். ஆனால் கரையின் மீதிப் பகுதி இப்படியே, கடையும் கொட்டகையும் இல்லாமல், எவரும் வந்து நிழலில் உட்காரும்படி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2023இல் கிரேக்கத்தின் பாரோஸ் தீவில் உள்ளூர் மக்கள் துண்டோடு கரையில் இறங்கிப் போராடினார்கள். வாடகைச் சாய்வு நாற்காலிகளைப் போட்டு உணவகங்கள் மணல் முழுவதையும் அடைத்துக்கொண்டதால், துண்டு விரிக்கக்கூட இடமில்லை என்பது அவர்கள் குறை. கடற்கரை பொதுச்சொத்து என்று அங்கே சட்டமே இருக்கிறது. போராடித்தான் அதை நினைவூட்ட வேண்டியிருந்தது. சீட்டுப் பணத்தில் வேன் பிடித்து வருகிற எங்களைப் போன்றவர்களுக்குக் காசு கேட்காத நிழல்தான் கடற்கரை.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். குடிதண்ணீரைக் கேனில் கொண்டுபோய்விடுங்கள். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டால் போதும், கொறிக்கச் சாத்தூர்ச் சேவு. பத்து மணிக்குள் சேர்ந்துவிட்டால் தண்ணீரில் இறங்கிவிட்டு உச்சிவெயிலுக்குத் தோப்புக்குள் வந்துவிடலாம். அமைதியான கடல் என்பதற்காகப் பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது. திருக்கை மணலில் புதைந்து கிடக்கும், ஆகவே காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்க வேண்டும். கண்ணாடி நிறத்தில் சொறிமீன் மிதந்தால் கிட்டப் போகாதீர்கள். நேரமிருந்தால் தேவிபட்டினம் தாண்டிக் காரங்காடு வரை போய், வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் படகில் அலையாத்திக் காட்டைப் பார்க்கலாம்.

ஒன்றே ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சவுக்கடியில் விழுந்து கிடக்கும் சருகு காய்ந்து நொறுங்கும் சருகு. அதன்மேல் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிக் கறி சமைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிகரெட்டை அணைக்காமல் வீசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பிறந்தநாள் என்று பட்டாசைக் கொளுத்துகிறவர்களும் உண்டு, அதுவும் எங்கள் ஊர்ப் பெயர் போட்ட பெட்டியோடு. ஒரு பொறி போதும், என்ன ஆகும் என்று நாரணாபுரத்துக்காரிக்குத் தெரியும். சோற்றைக் கட்டிக்கொண்டு போங்கள், தீப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், இலையையும் பையையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். வேன் பிடிக்க வசதி இல்லையென்றால் இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் போகும் பேருந்தில் ஏறி உச்சிப்புளியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். பங்குனியில் போங்கள்.